வெறுங்கழுத்து

என் வீட்டுக்காரர் உயிரோடு என் பின்னால் நின்றுகொண்டிருக்கும்போதே என்னிடம் துக்கம் விசாரித்திருக்கிறார்கள். வடாலாவிலிருந்து தாராவிக்குத் திரும்பும் பஸ்ஸில் நடந்தது. பக்கத்து சீட்டில் காலி மீன்கூடையை மடியில் வைத்திருந்த மராட்டிக்கார அம்மாள் என் வெள்ளைச் சேலையைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்மி கப் கயா, பேட்டி?" என்றாள். புருஷன் எப்போது போனான் என்று கேட்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பின்னாலிருந்து குனிந்து, "மை இதரிச் கடா ஹூங், மௌசி. டிக்கெட் பீ நிகாலா" என்றார். நான் இங்கேதான் நிற்கிறேன், டிக்கெட்கூட எடுத்தாயிற்று என்று. அந்த அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் பாதிப்பேர் சிரித்தார்கள். இறங்கி நடக்கும்போதும் அவர் விடவில்லை.

"செத்த ஆளுக்கு டிக்கெட் கிடையாதுல்லா? முன்னாலயே தெரிஞ்சிருந்தா எடுத்திருக்கவே மாட்டேன் பாத்துக்கோ."

அவர் பேச்சு அப்படி. மற்றவர்கள் பாத்திரம் சேர்ப்பதுபோல மனிதர்கள் சொல்வதைச் சேர்த்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. சேர்த்ததில் பெரும்பகுதி அவர் சொன்னதுதான். இந்தப் பேச்சை மட்டும் இப்போது எடுத்துப் பார்க்கக் கை கூசுகிறது.

நான் தாராவியில் பிறந்து தாராவியிலேயே வாழ்க்கைப்பட்டவள். படித்தது இந்தி ஸ்கூல். தமிழ் எழுத்து கல்யாணத்துக்குப் பிறகு நானாகக் கற்றுக்கொண்டது. வேதப் புத்தகத்தைத் தரையில் விரித்து, கடைப் போர்டுகளில் பார்த்த எழுத்தை அதில் தேடித் தேடிப் படித்தேன். பரிசுத்தம் என்பதை வாசிக்கத் தெரிந்த பிறகுதான் பலசரக்கு என்பதை வாசித்தேன் என்று சொன்னால் அவர் சிரிப்பார். "பரிசுத்தம் வாங்கப் பை வேண்டாம், பலசரக்குக்குப் பை வேணும். இந்தா, பிடி" என்று பையை நீட்டுவார்.

வேதத்துக்கு நான் வந்தது ஒரு படுக்கைவிரிப்பு வழியாக. எனக்குப் பிள்ளைகள் வயிற்றிலேயே போயின. முதல் தடவை தெருவே வந்து அழுதது. இரண்டாம் தடவை யாரும் வரவில்லை. அத்தை, அதாவது என் மாமியார், வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "இவ வயிறு வாடகை வீடுல்லா. எவனும் நிக்க மாட்டேங்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அப்போது ஒரு வெள்ளைச் சேலைக்காரி உள்ளே வந்தார். எங்கள் சந்துக்கு ஜெபம் பண்ண வருகிறவர் என்று தெரியும். கல்யாணம் செய்துகொள்ளாமல் சபையிலேயே தங்கி ஊழியம் செய்கிறவர். எனக்கு அடியில் கிடந்த விரிப்பை உருவி எடுத்துக்கொண்டு போய்ப் பொதுக் குழாயில் அத்தனை பேர் பார்க்கத் தோய்த்து, பிழிந்து, கம்பியில் போட்டுவிட்டு வந்தார். பிறகுதான், "ஜெபம் பண்ணட்டுமா மகளே?" என்று கேட்டார்.

"பிள்ளை தருவாரா?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாது. உன்னை அவருக்குத் தெரியும். அது மட்டும் எனக்குத் தெரியும்."

பிள்ளை வாங்கித் தருகிறேன் என்று சொல்லி எத்தனையோ பேர் வந்த வீடு அது. சாமியாடி வந்தார், தாயத்துக்காரர் வந்தார். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். அதனால் நம்பினேன். பிள்ளை பிறகும் வரவில்லை. ஆனால் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால், தெரு எழும்பாத நேரத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒருவரிடம் பேசுகிற பழக்கம் வந்தது. எங்கள் வீடு முழுக்க ஒரே அறை. நான் ஜெபிக்கிற இடத்தில் என் தலைக்குப் பக்கத்தில் தூங்குகிற வீட்டுக்காரருடைய கால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காலோரம் உட்கார்ந்து, நான் சொல்வதையெல்லாம் ஆண்டவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அதை இதற்குமேல் எழுத எனக்குத் தெரியாது. அறைக்குள் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்லிவிடலாம் இல்லையா? அதுபோல.

எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுக்கிறவர்கள் வேறுபட்ட ஜீவியம் ஜீவிக்க வேண்டும். உலகத்திலிருந்து பிரித்து, ஆண்டவருக்கென்று எடுத்து வைத்த ஜீவியம். வெள்ளை உடுத்த வேண்டும். பூவில்லை, பொட்டில்லை, கம்மல் இல்லை, வளையல் இல்லை. தாலியும் இல்லை. மற்ற கிறிஸ்தவர்களே எங்களைப் பார்த்து, இது ரொம்ப அதிகம் என்பார்கள். எனக்குக் கம்மலைக் கழற்றுவது கஷ்டமாக இல்லை. தாலிதான். அவரிடம் எப்படிச் சொல்வது என்று எத்தனையோ நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பீடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையை நீட்டினார்.

"நான் போட்ட முடிச்சு. நானே வாங்கிக்கிடுதேன். சபையில கழட்டிக் கொடுக்காண்டாம்."

அதை ஒரு பழைய காப்பித்தூள் டப்பாவில் போட்டு மூடி, மேல்தட்டில் அரிசிக்குப் பக்கத்தில் வைத்தார். "இது இங்கதான் இருக்கும். ஆண்டவர் வேண்டாம்னு சொன்னது உனக்கு. எனக்கு ஒண்ணும் சொல்லல பாத்துக்கோ."

அத்தை அன்றைக்கு வைத்த ஒப்பாரியில் சந்தில் உள்ளவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று ஓடி வந்தார்கள். வந்தவர்கள் அவர் வாசலில் உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அதற்குப் பிறகு அத்தை காலையில் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போகப் பழகிக்கொண்டாள். ஓர் அறை வீட்டில் அது சின்ன வேலை இல்லை. சாப்பாட்டுக்கு முன் நான் கண்ணை மூடி ஜெபித்தால், அந்த நேரம் பார்த்துத் தட்டில் கரண்டியை ஓங்கித் தட்டுவாள், சப்புக்கொட்டித் தின்ன ஆரம்பித்துவிடுவாள். கோயில் கொடைக்குச் சந்தே ஒன்றாகப் பொங்கல் வைக்கும்போது நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பேன். படைத்த சோற்றைச் சாப்பிடமாட்டேன் என்று தெரிந்தும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருமுறை ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். அவள் முகம் போன போக்கு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. வேறுபட்ட ஜீவியம் என்று சபையில் பாட்டாகக் கேட்கும்போது இனிமையாக இருக்கும். சந்துக்குள் அது ஒரு தூக்குவாளி திரும்பிப் போவதாக இருக்கும்.

மாட்டுங்காவில் ஒரு பாலக்காட்டு மாமி வீட்டில் பாத்திரம் துலக்கி, தரை துடைக்கும் வேலை எனக்கு. மாமிதான் இதை ஒரே பேச்சில் பிடித்தாள்.

"என்னடி இது, கழுத்துல ஒண்ணுமில்லாம? ஆத்துக்காரர் இருக்காரோன்னோ?"

"இருக்காரு மாமி. நல்லாத்தான் இருக்காரு."

"பின்னே?"

நான் எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன். மாமி கேட்டுவிட்டு, உயரத்தில் மூங்கில் கொடியில் காய்ந்த ஒன்பது கெஜத்தைக் குச்சியால் காட்டினாள். அவள் பூஜைக்கு உடுத்துகிற மடிப் புடவை. அதை யாரும் தொடக்கூடாது, அவள் பேரனேகூட. "அப்போ நோக்கும் இது ஒரு மடியாக்கும். சரி போ. ஆனா வெள்ளிக்கிழமை காலம்பற மட்டும் முன்வாசல் வழியா வராதே. பின்பக்கமா வந்துடு, என்ன?"

மாமி சொன்னதில் தப்பில்லை. ஒன்றை ஒருவருக்கென்று எடுத்து வைத்துவிட்டால் மற்றவர்கள் தொடக்கூடாது. ஆனால் தரையைத் துடைத்துக்கொண்டே நான் அந்தப் புடவையை அண்ணாந்து பார்ப்பேன். தனியாக உயரத்தில் காய்வது அதற்கு எப்படி இருக்கும் என்று நினைப்பேன். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "என்னைக்காவது இறங்கி வருவியா, இல்ல நானும் குச்சி வாங்கணுமா?" என்றார்.

அவருக்கு வேலை அலுமினியப் பட்டறையில். பழைய டப்பா, மூடி, சட்டி எல்லாவற்றையும் உலையில் போட்டு உருக்கிக் கட்டியாக வார்க்கிற இடம். டப்பாக்களில் ஒட்டிய பெயின்ட் எரிந்து எழும்பும் புகையில்தான் அவர் சம்பாதித்த காலமெல்லாம் கழிந்தது. முதலில் இருமல். பிறகு பேச்சின் நடுவே நிறுத்தி மூச்சு வாங்கல். வேடிக்கை சொல்ல ஆரம்பித்து, கடைசிச் சொல்லுக்குக் காற்றுப் போதாமல் கையால் காட்டி முடிப்பார். நாங்கள் கையைப் பார்த்துச் சிரிப்போம். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இந்தியில் மெதுவாகச் சொன்னார். நுரையீரல் இறுகிப்போயிற்று, திரும்பாது, மூச்சு திணறாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும் என்று.

சந்தில் எல்லாருக்கும் அந்தப் புகையைத் தெரியும். அங்கே வேலை பார்த்து இருமாதவன் யார்? ஆனாலும் பேச்சு புகையைப் பற்றி வரவில்லை. புகைக்கு நெற்றி கிடையாது. எனக்கு இருந்தது, வெறுமையாக.

"புருஷன் இருக்கும்போதே அறுத்துக் கழட்டி டப்பாவுல போட்டா. மூச்சு நிக்குமா?" என்று குழாயடியில் எனக்குக் கேட்கவே பேசினார்கள். அத்தை அதைப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பேசுகிற பொம்பளை பேசாமல் இருந்தால் உள்ளே என்னவோ வேகிறது என்று அர்த்தம்.

ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுக்குள் வெந்தது வெளியே வந்தது. முந்தியில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தாள். காப்பித்தூள் டப்பா. அதை என் முன்னால் வைத்துவிட்டு, அத்தனை பேர் நடமாடும் இடத்தில், தரையில் விழுந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னை நான் பேசாத பேச்செல்லாம் பேசிருக்கேன். எல்லாத்துக்கும் என்னை அடி. இதை மட்டும் போட்டுக்கோ. உன் ஆண்டவர்ட்ட நான் வந்து சொல்லுதேன், நாந்தான் போடச் சொன்னேன்னு. பாவம் என் தலையில இருக்கட்டும். எனக்கு இருக்கிறது ஒத்தப் பிள்ளைட்டி."

அவளைத் தூக்கி உட்கார வைத்தேன். போட்டால் அவர் பிழைப்பார் என்று அவள் முழுசாக நம்பினாள். போடாவிட்டால் நானே அவரைக் கொல்கிறேன். அவளுக்கு நடுவில் ஒன்றும் இல்லை. எனக்கோ, ஞானஸ்நானத் தண்ணீரில் இறங்கி ஆண்டவரிடம் நான் உமக்குத்தான் என்று சொன்னது இருக்கிறது. பயத்தில் ஒரு நாள் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டால், நான் அவரிடம் சொன்னது என்றைக்காவது உண்மையாக இருந்ததா?

அன்றைக்கு என் விரிப்பைத் தோய்த்த ஊழியக்கார அம்மா வந்தார். நடந்ததைச் சொன்னேன். போடாதே என்று அதட்டுவார் என்று நினைத்தேன். அப்படி அதட்டியிருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "தண்ணியில நீ சொன்னது என்கிட்ட இல்ல மகளே. சபைகிட்டயும் இல்ல. யார்கிட்ட சொன்னியோ அவர்கிட்டயே கேளு" என்றார்.

கேட்டேன். வராந்தாச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்டேன். அன்றைக்கு ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு உள்ளே போய் வீட்டுக்காரரிடமே சொன்னேன். மூக்கில் மாஸ்க் வைத்திருந்தார்கள். அதை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு பேசினார்.

"அம்மை டப்பாவைக் கொண்டாந்துட்டாளா?"

"ஆமா."

"நீ என்ன சொன்ன?"

"போட்டா உங்களுக்கு மூச்சு வரும்னா இப்பமே போடுதேன். உங்களுக்கே தெரியும்லா, வராதுன்னு."

"தெரியும்." மாஸ்க்கை இறக்கிக் கொஞ்சம் காற்று இழுத்துக்கொண்டு மறுபடி தூக்கினார். "அதுக்கில்ல. சும்மா ஒருக்க பாக்கணும்போல இருந்துச்சு. அவ்வளவுதான்."

பயத்துக்குப் போடமாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இருந்தது. ஆசைக்கு என்ன சொல்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். கட்டிலோரம் தலையைச் சாய்த்து உட்கார்ந்தேன். அவர் விரலால் என் கழுத்தெலும்பின் குழியை, முன்பு அது கிடந்த இடத்தை, தொட்டுக்கொண்டே தூங்கிப்போனார். மறுநாள் அவருக்கு நினைவு தெளியவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அப்படியே போய்விட்டார்.

நான் உறுதியாக இருந்துதான் அதைப் போடவில்லை என்று சபையில் சிலர் நினைத்தார்கள். இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அவ்வளவுதான்.

உடலைச் சந்துக்குக் கொண்டுவந்தார்கள். அறைக்குள் வைக்க இடமில்லாமல் வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். தலைமாட்டில் விளக்கு, ஊதுபத்தி, சந்துமுனையில் மேளம். மான்குர்த்திலிருந்து என் அண்ணன் பெண்டாட்டி பிறந்த வீட்டுக் கோடிச்சேலையோடு வந்தாள். சீத்தா கேம்ப்பிலிருந்து அவருடைய சொந்தக்காரப் பெண்கள் வந்தார்கள். சபையிலிருந்து வந்தவர்கள் வெள்ளை வெள்ளையாகச் சந்துமுனையில், மேளத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். சாம்பிராணியும் தேங்காயும் நடக்கும் இடத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள். ஊழியக்கார அம்மா மட்டும் கூட்டத்தை விலக்கி உள்ளே வரப் பார்த்தார். யாரோ மறித்துவிட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு முறை உண்டு. புருஷன் செத்தால், எடுப்பதற்கு முன் பெண்டாட்டியைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டு, தலை நிறையப் பூ வைத்து, பெரிய பொட்டு வைத்து, கல்யாணப் பெண் மாதிரி உடல் முன்னால் உட்கார வைப்பார்கள். பிறகு முன்பே தாலி அறுத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். பூவைப் பிய்த்து, பொட்டை அழித்து, வளையலை உடைத்து, கடைசியில் தாலி. அவரோடு பேசிக்கொண்டே வாழ்ந்த காலத்தில் இதை நான் நினைத்துப் பார்த்திருந்தால், என்னிடம் எடுக்க ஒன்றும் இல்லையே, நான் தப்பித்தேன் என்று சிரித்திருப்பேன். நானாக ஒருவருக்குக் கொடுத்துவிட்டதை வேறு யார் வந்து பறிக்க முடியும்?

ஆனால் இல்லாததைப் போட்டுத்தான் எடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

தட்டில் வளையல், பூ, குங்குமம். அதன் நடுவில் காப்பித்தூள் டப்பா. "வேண்டாம்" என்றேன். "எனக்கு இந்த முறை கிடையாது. என்னை விட்டுருங்க."

"இது உனக்குன்னு யாரு சொன்னா?" என்றாள் அண்ணன் பெண்டாட்டி. "போறவருக்குச் செய்யுதோம். வெறுங்கழுத்தோட இருந்து அவரைத் துரத்துனது போதாதா?"

அத்தை அவளை அதட்டினாள். "ஏளா, வாயை மூடு." என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை, தொண்டையில் சத்தம் இல்லை. "நான் உன்கிட்டச் சண்டை போட வரல. அவன் போயிட்டான். இனிமே உன் சாமிக்கும் என் சாமிக்கும் என்ன சண்டை? ஆனா ஒண்ணு கேக்கேன். பிள்ளை இல்ல. கொள்ளி வைக்க அடுத்த வீட்டுப் பையன். அவனுக்காக அறுக்க ஒரு பொண்டாட்டியும் இல்லேன்னா, என் மவன் இந்த ஊர்ல யாருக்கு என்னவா இருந்தான்? கட்டையாப் போறானேட்டி."

நான் தலையை ஆட்டினேன். முடியாது என்றுதான். அத்தை எழுந்துகொண்டாள். பெண்கள் என்னைப் பிடித்தார்கள்.

கையை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து வளையலைத் திணித்தார்கள். நான் உதறினேன். உடைந்த வளையல் மணிக்கட்டைக் கிழித்தது. முகத்தில் மஞ்சள் அப்பினார்கள். வாயிலும் போயிற்று. யாரோ ஒருத்தி என் கொண்டையை முடியோடு பிடித்துப் பூவைச் சுற்றினாள். நான் ஆண்டவரைக் கூப்பிட்டேன். சத்தமாகத்தான் கூப்பிட்டேன். மேளக்காரர்கள் இன்னும் ஓங்கி அடித்தார்கள். என் கண்ணுக்கு நேரே அவர் கிடந்தார், தாடையைத் துணியால் கட்டி, மூக்கில் பஞ்சு வைத்து, மாஸ்க் இல்லாமல்.

அத்தைதான் டப்பாவைத் திறந்தாள். அறுத்தவள்தான் செய்ய வேண்டும், அவள் அறுத்தவள். அது வெளியே வந்தது. நான் மறந்தே போயிருந்தேன், அதில் ஒரு சின்னப் பவழம் கோத்திருக்கும். அவள் அதை இரண்டு கையால் விரித்து என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தபோது, ஒருக்க பாக்கணும்போல இருந்துச்சு என்று அவர் சொன்னது என் காதில் கேட்டது.

நான் உதறுவதை நிறுத்தினேன். தலையைக் குனிந்து கொடுத்தேன்.

யாருக்கும் தெரிந்திருக்காது. என்னைப் பிடித்திருந்தவர்கள், நான் களைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள். அது கழுத்தில் விழுந்தது. குளிர்ந்து கிடந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். பார்க்க ஆசைப்பட்டவர் கண்ணை மூடிக் கிடந்தார். அது எவ்வளவு நேரம் என் கழுத்தில் இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அதற்குள் அத்தையின் கை மறுபடி வந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்களும் பாவம், உண்மையாகத்தான் அழுதார்கள்.

துக்கம் முடிந்து சபைக்குப் போனபோது ஊழியக்கார அம்மா என் மணிக்கட்டுக் காயத்தைப் பார்த்துத் தடவிக்கொடுத்தார். "உன்னைப் பிடிச்சு வெச்சுக் கட்டினாங்க. அது உன் பேர்ல வராது மகளே. ஆண்டவருக்குத் தெரியும்."

"கடைசியில நான் தலையைக் குனிஞ்சு கொடுத்தேன் அம்மா."

அவர் கை நின்றது.

"அதை ஏன் மகளே என்கிட்ட சொன்ன?"

"ஆண்டவருக்குத் தெரியும்னு சொன்னீங்கல்ல. அவருக்குத் தெரிஞ்சது உங்களுக்கும் தெரியட்டும்."

அவர் அழுதுவிட்டார். ஆனால் பாஸ்டரிடம் சொல்லாமல் இருக்க அவராலும் முடியாது. சபை ஒழுங்கு அப்படி. சில காலம் ஆராதனையில் கொடுக்கிற திருவிருந்து அப்பத்தில் எனக்குப் பங்கில்லை என்று தீர்மானமாயிற்று. எவ்வளவு காலம் என்று சொல்லவில்லை. மனம் திரும்பினேன் என்று நான் சொன்னால் போதும், அடுத்த வாரமே கொடுப்பார்கள். அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. பயந்து குனிந்திருந்தால் சொல்லிவிடுவேன். சாமிக்கென்று குனிந்திருந்தாலும் சொல்லிவிடுவேன். நான் குனிந்தது ஒரு மனிதர் மூச்சுக்கு நடுவே கேட்டதை, நேரம் கடந்த பிறகு கொடுப்பதற்கு. அது ஆண்டவரை விட்டுப் போனதா, ஆண்டவரோடுதான் போனேனா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி அப்பத்தை வாங்கினால் அது வாயில் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பாயில் உட்காருகிறேன். தட்டு வரிசையாக வருகிறது. எனக்கு முன்னால் உள்ளவர் எடுத்துக்கொள்கிறார், அதோடு தட்டு திரும்பிப் போகிறது.

தூக்குவாளி திரும்பிப் போன பெண்ணின் முகம் அப்போது எனக்கு நினைவு வரும்.

இப்போது பஸ்ஸில் என் வெள்ளைச் சேலையைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. சந்திலும் யாரும் பார்ப்பதில்லை. முகத்தில் வயது ஏறிவிட்டது, புருஷனும் இல்லை, வெறும் நெற்றி, வெறுங்கழுத்து. எல்லாம் பொருத்தமாகிவிட்டது. மாட்டுங்கா மாமிகூட, "இனிமே என்னடி, எல்லாம் ஒண்ணுதானே" என்றாள். இந்தச் சேலை அவர் சாவதற்கு எத்தனையோ காலம் முன்னாலேயே ஒருவருக்கென்று நான் உடுத்தியது என்று எப்படிச் சொல்வது? சொன்னாலும் யார் நம்புவார்? இனி அது அந்த ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். அவரும் பேசவில்லை. தண்ணீர் வருவதற்கு முன்னால் அதே சுவரைப் பார்த்து உட்காருகிறேன். பக்கத்தில் கால் இல்லை. பேசாதவரோடும் ஒரே அறையில் காலம் தள்ளலாம். என் மாமியாரோடு இருந்தவள் நான், அது எனக்குத் தெரிந்த வித்தைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை சபையிலிருந்து வந்தபோது அத்தை அடுப்படியில் இருந்தாள். டப்பா பழைய இடத்தில், அரிசிக்குப் பக்கத்தில் இருந்தது. அதை அவள்தான் கழுவி வைத்திருந்தாள்.

"இன்னைக்காவது தந்தாங்களா?" என்றாள்.

"இல்ல அத்தை."

"எதுக்குத்தான் அதைப் போய்ச் சொன்னியோ. பிடிச்சுக் கட்டினோம்னு எங்க மேல போட்டுட்டு இருக்க வேண்டியதுதானே? யாரு பாத்தா?"

"நீங்க பாத்தீங்க."

"நான் பாத்தேன்." கஞ்சியை இரண்டு தட்டிலும் ஊற்றினாள். "பாத்துட்டு ஒருத்தர்ட்டயும் சொல்லலியே. உன் அண்ணன் பொண்டாட்டி துருவித் துருவிக் கேட்டா. எம் மருமவ கடைசிவரை உதறுனான்னுதான் சொன்னேன்."

தட்டு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடினேன். வழக்கமான சத்தத்துக்குக் காத்திருந்தேன். கரண்டி தட்டவில்லை. சப்புக்கொட்டும் சத்தமும் இல்லை. அதனாலேயே ஜெபம் நீண்டுபோயிற்று. என்ன சொன்னேன் என்று தெரியவில்லை, சொல்லிக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்தபோது அத்தை கையை மடியில் வைத்துக்கொண்டு, தொடாத தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சுதா?" என்றாள். "ஆறிப்போச்சு. குடி."